ஈம் கிராமத்துச் சாட்சிகள்

நீதிமன்றத்தில் கூண்டில் ஏறும் சாட்சியிடம் வழக்கறிஞர் மூன்று கேள்விகள் கேட்பார். என்ன பார்த்தீர்கள்? எப்போது பார்த்தீர்கள்? நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது? முதல் இரண்டுக்கும் எப்படியாவது பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதில்தான் பலரும் மாட்டிக்கொள்வார்கள்.

விஞ்ஞானிகளும் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அவர்களுடைய சாட்சிகளில் பலவற்றுக்கு வாய் கிடையாது. ஒரு கல், ஒரு மரம், ஒரு நிழல், ஒரு பழைய பதிவேடு என்று இருக்கும். இத்தனை சாட்சிகளையும் ஒரே வட்டாரத்தில் விசாரிக்க வசதியான இடம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் ஈம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டெர்பிஷயர் என்றொரு மாவட்டம். அங்கே பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியின் சரிவில் இருக்கும் சின்னக் கிராமம்தான் ஈம். ஊர் நடுவே செயின்ட் லாரன்ஸ் தேவாலயம். அங்கிருந்து நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குள் டைட்ஸ்வெல், ஹேதர்சேஜ், டார்லி டேல், செஸ்டர்ஃபீல்டு ஆகிய ஊர்கள். ஒவ்வொன்றிலும் பல நூற்றாண்டுப் பழைமையான தேவாலயம் ஒன்று உண்டு.

தேவாலயங்களை ஏன் விசாரிக்க வேண்டும்? பழைய காலத்தில் சாதாரண மக்களின் வீடுகள் மரத்தாலும் மண்ணாலும் ஆனவை. அவை இடிந்தன, எரிந்தன, புதிதாகக் கட்டப்பட்டன. தேவாலயத்தை மட்டும் ஊரே சேர்ந்து கல்லால் கட்டியது, தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்தது. அதோடு, 1538-இல் இங்கிலாந்தில் ஓர் அரசாணை வந்தது. எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணை அது. ஒவ்வொரு தேவாலயமும் தன் ஊரில் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்றது. ஆக, கட்டடமும் பழையது, காகிதமும் பழையது. வாருங்கள், ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுவோம்.

முதல் சாட்சி: கல்

ஈம் தேவாலயத்தின் வெளியே, கல்லறைகளுக்கு நடுவே, ஒரு பழைய கற்சிலுவை நிற்கிறது. இது ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அருகிலுள்ள தேவாலயத்தைவிடப் பல நூறு ஆண்டுகள் மூத்தது. தண்டில் ஒரு துண்டு காணாமல் போய்விட்டது. ஆனாலும் செதுக்கு வேலைப்பாடுகளை இன்றும் கண்ணால் பின்தொடர முடிகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மழையில் நனைந்த கல் இன்னும் இப்படி இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் பல கல்லறைத் தோட்டங்களில், இருநூறு ஆண்டுகூட ஆகாத கல்லறைக் கற்களில் பெயரைப் படிக்க முடிவதில்லை. ஏன்?

ஈம் கிராமம் இரண்டு வகைப் பாறைகள் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. ஒரு பக்கம் வெளிறிய சுண்ணாம்புக்கல். மறுபக்கம் சொரசொரப்பான மணற்கல். இந்த மணற்கல், பெரிய ஆறுகள் கடலில் கலந்த இடத்தில் கொண்டுவந்து குவித்த மணல் இறுகி உருவானது. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். மழைநீரால் அதைச் சட்டென்று கரைக்க முடியாது. சிலுவை தாக்குப்பிடித்தது அதனால்தான்.

சுண்ணாம்புக்கல்லின் கதை வேறு. சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய இங்கிலாந்தின் நிலப்பகுதி பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தது. அதன்மேல் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல். அதில் வாழ்ந்த சிப்பிகள், பவளங்கள், கடல் அல்லிகள் ஆகியவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின. கடல் அல்லி என்றதும் பூ என்று நினைத்துவிடாதீர்கள். அது நட்சத்திர மீனுக்கு உறவான ஒரு விலங்கு. அதன் தண்டு வட்ட வட்டச் சில்லுகளால் ஆனது. டெர்பிஷயர் சுண்ணாம்புக்கல்லை உற்றுப் பார்த்தால் இந்தச் சில்லுகள் புதைபடிவங்களாகத் தெரியும். குளிரில் நடுங்கும் ஒரு மலைக்கிராமத்தின் பாறைக்குள் வெப்பக் கடலின் உயிர்கள் இருக்கின்றன. கண்டங்கள் நகர்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இந்தக் கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. பளிங்கைப் போலவே அது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். மழைநீரில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்திருப்பதால் இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடும் சேர்ந்தால் அமிலம் கூடும். ஈம் கிராமத்துக்கு இரு பக்கமும் ஷெஃபீல்டு, மான்செஸ்டர் என்று இரண்டு பெரிய தொழில்நகரங்கள். நிலக்கரி எரிந்த காலத்தில் அந்த வானத்திலிருந்து விழுந்த மழை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

கல்லறைக் கற்களில் இன்னொரு வசதி, அவற்றில் ஆண்டு பொறித்திருக்கும். 1850-இல் நட்ட பளிங்குக் கல்லும் 1950-இல் நட்ட பளிங்குக் கல்லும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று ஒப்பிட்டால், எந்தக் காலத்துக் காற்று எவ்வளவு அழுக்காக இருந்தது என்று கணிக்கலாம். கற்களின்மேல் வட்ட வட்டமாகப் படரும் லைக்கன்களும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்கள்) உதவிக்கு வரும். பல லைக்கன்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. கல்லின் ஆண்டு தெரிந்தால் லைக்கன் வளரும் வேகமும் தெரிந்துவிடும். இங்கிலாந்தின் கல்லறைத் தோட்டங்களில் 600-க்கும் மேற்பட்ட லைக்கன் வகைகளைக் கண்டிருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்: ஒரு கிளிஞ்சலின்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழிகள் வரும். அது கார்பன் டை ஆக்சைடு. ஒரு கூழாங்கல்லின்மேலும் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கல்லை அடையாளம் காண நிலவியலாளர்கள் மலையேறும்போது கையில் எடுத்துச் செல்லும் சோதனையும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்துவார்கள்.

இரண்டாம் சாட்சி: ஜன்னல்

டைட்ஸ்வெல் கிராமத்துத் தேவாலயம் ஊருக்குப் பொருந்தாத அளவு பெரியது. அதனால் அதை மலைநாட்டுப் பேராலயம் என்று செல்லமாக அழைக்கிறார்கள். 1320 வாக்கில் தொடங்கிய வேலை 1400 வாக்கில்தான் முடிந்தது. தொடங்கி வைத்தவர்களில் ஒருவர்கூட முடிந்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எந்தப் பகுதி எப்போது கட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜன்னலைக் கேட்டால் போதும். இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அரைவட்ட வளைவுகளே வழக்கம். பிறகு கூர்முனை வளைவு வந்தது. இதில் அழகு மட்டும் இல்லை, இயற்பியலும் இருக்கிறது. வளைவு தன் மேலுள்ள பாரத்தைக் கீழே மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கவே பழைய சுவர்கள் அத்தனை தடிமன். வளைவு கூராக நிமிர்ந்தால் பக்கவாட்டுத் தள்ளல் குறையும். சுவரை மெலிதாக்கலாம், ஜன்னலை அகலமாக்கலாம், உள்ளே வெளிச்சம் வரும்.

14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜன்னல் தலைப்பில் கல்லைக் கொடிபோல வளைத்துச் செதுக்கினார்கள். பிற்பாதியில் நேரான செங்குத்துக் கோடுகள் வந்துவிட்டன. டைட்ஸ்வெல்லில் கூடத்துக்கு ஒரு பாணி, கடைசியாக எழுந்த மேற்குக் கோபுரத்துக்கு ஒரு பாணி. நடுவில் என்ன நடந்தது? 1348-49-இல் கறுப்புச் சாவு என்ற பெரும் பிளேக் இங்கிலாந்தைத் தாக்கியது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறந்தார்கள். கொல்லர், தச்சர், கல்தச்சர் எல்லோரும் அதில் அடக்கம். டைட்ஸ்வெல்லில் வேலை தாமதமானதற்கும் அதுவே காரணம் என்கிறார்கள். அந்தப் பிளேக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பி வரும்.

மூன்றாம் சாட்சி: நிழல்

மறுபடி ஈம். தேவாலயத்தின் தெற்குச் சுவரில், கதவுக்கு மேலே ஒரு பெரிய சூரிய கடிகாரம். 1775 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. மணியை மட்டுமா காட்டுகிறது? சூரியன் எந்த மாதத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதற்கும் கோடுகள் உண்டு. உலகின் தொலைதூர ஊர்களின் பெயர்களையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள்.

ஏன் தெற்குச் சுவர்? ஈம் கிராமத்தின் அட்சரேகை ஏறத்தாழ 53 பாகை வடக்கு. அங்கே நண்பகல் சூரியன் ஒரு நாளும் தலைக்கு நேர்மேலே வராது. கோடையின் நீளமான பகலில்கூடத் தெற்கு வானில் 60 பாகை உயரம்தான். குளிர்காலத்தில் வெறும் 13 பாகை. நம் ஊரில் தெற்குச் சுவரில் இப்படி ஒன்றை மாட்டினால் ஆண்டில் சில மாதங்கள் நண்பகலிலும் வேலை செய்யாது. காரணம், அப்போது சூரியன் நமக்கு வடக்கே போய்விடும்.

நிழல் தரும் கம்பியைக் கண்டபடி நட முடியாது. அது பூமியின் அச்சுக்கு இணையாக, வானத்தின் வட துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். 90-லிருந்து அட்சரேகையைக் கழித்தால் சுவருக்கும் கம்பிக்கும் இடையிலான கோணம் கிடைக்கும். ஈம் கிராமத்துக்கு அது சுமார் 37 பாகை. வேறு ஊருக்குக் கொண்டுபோனால் இந்தக் கடிகாரம் தப்பாகத்தான் காட்டும். ஒரு சூரிய கடிகாரத்தின் கோணத்தை அளந்தால், அது எந்த அட்சரேகைக்காகச் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொரு வேடிக்கை. ஈம், தீர்க்கரேகைக் கணக்கு தொடங்கும் கிரீனிச்சுக்கு மேற்கே ஒன்றே முக்கால் பாகைக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். அதனால் ஈம் கிராமத்துக்கு நண்பகல், கிரீனிச்சைவிட ஏறத்தாழ 7 நிமிடம் தாமதமாக வரும். மாட்டுவண்டிக் காலத்தில் அந்த 7 நிமிடம் யாருக்கும் உறுத்தவில்லை. ரயில் வந்ததும் சிக்கல். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நேரம் இருந்தால் கால அட்டவணை போடுவது எப்படி? 1840-களில் ரயில் நிறுவனங்கள் கிரீனிச் நேரத்துக்கு மாறத் தொடங்கின. 1880-இல் அது பிரிட்டனுக்கே சட்டமானது. அப்போதிலிருந்து ஈம் சுவரின் நிழலும் ஊர்க்காரர்களின் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை.

செய்து பாருங்கள்: இந்திய நேரமும் இலங்கை நேரமும் 82.5 பாகை கிழக்கு என்ற தீர்க்கரேகைக்கு உரியவை. உங்கள் ஊரின் தீர்க்கரேகையை அதிலிருந்து கழித்து, 4-ஆல் பெருக்குங்கள். சென்னைக்கு ஏறத்தாழ 9 நிமிடம், கோயம்புத்தூருக்கு 22 நிமிடம் வரும். உங்கள் ஊரில் நண்பகல் 12 மணியைத் தாண்டி அத்தனை நிமிடம் கழித்துத்தான். ஒரு கம்பை நேராக நட்டு, நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பாருங்கள். கணக்கு சில நிமிடங்கள் முன்பின்னாக வந்தால் பயப்பட வேண்டாம். பூமியின் பாதை நீள்வட்டமானது, அச்சும் சாய்ந்தது. அதனால் சூரிய கடிகாரம் ஆண்டில் சில நாள்களில் 16 நிமிடம் வரைகூட விலகும்.

நான்காம் சாட்சி: முறுக்கிய கோபுரம்

செஸ்டர்ஃபீல்டு தேவாலயக் கோபுரத்தை முதல்முறை பார்ப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள். 69 மீட்டர் உயரத்துக்கு எழும் அந்தக் கூம்பு நேராக இல்லை. 45 பாகை முறுக்கிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு உச்சி கிட்டத்தட்ட 3 மீட்டர் சாய்ந்தும் இருக்கிறது.

ஊரில் இதற்கு ஒரு கதை சொல்வார்கள். பக்கத்து ஊர்க் கொல்லர் ஒருவர் சாத்தானின் காலில் லாடம் அடிக்கும்போது ஆணியைச் சதையில் இறக்கிவிட்டாராம். வலி தாங்காமல் துள்ளிக் குதித்த சாத்தான் கோபுரத்தில் மோதி அதை முறுக்கிவிட்டதாம். கதை சுவையானதுதான். ஆனால் நம் மூன்றாவது கேள்வி இருக்கிறதே, நம்புவது எப்படி?

மரத்தைக் கேட்போம். அந்தக் கூம்பு 14-ஆம் நூற்றாண்டில் மரச்சட்டத்தில் எழுப்பி, மேலே ஈயத் தகடு போர்த்தியது. அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே வேலை செய்தார்கள். காய்ந்த ஓக் உளிக்கு மசியாது, பச்சை மரம் இளகிக் கொடுக்கும். ஆனால் பச்சை மரம் காயும்போது சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. விளைவு, சட்டம் கோணும், முறுக்கும். அதைத் தடுக்கக் குறுக்குச் சட்டங்கள் போதுமான அளவு இல்லை.

அடுத்த குற்றவாளி ஈயம். அதன் எடை சுமார் 33 டன். வெயிலில் ஈயம் நன்றாக விரியும். 10 மீட்டர் நீளத் தகடு 40 பாகை சூடேறினால் 12 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். இரும்பு விரிவது அதில் பாதிகூட இருக்காது. தெற்குப் பக்கம் வெயிலில் காய, வடக்குப் பக்கம் நிழலில் இருக்க, ஆண்டுக்கணக்கில் ஒருபக்கமாகவே இழுபறி. பச்சை மரம், குறைந்த தாங்கல், அதிக எடை, ஒருபக்க வெயில் என்று நான்கும் சேர்ந்துதான் கோபுரத்தை முறுக்கியிருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் தீர்ப்பு.

குறுக்குச் சட்டம் போட மறந்தது ஏன்? கறுப்புச் சாவில் அனுபவசாலித் தச்சர்கள் பலர் இறந்துவிட்டதால் என்று ஒரு கருத்து உண்டு. நிரூபிக்க வழியில்லை. ஆனால் காலம் பொருந்துகிறது.

ஐந்தாம் சாட்சி: உள்ளே ஒன்றுமில்லாத மரம்

டார்லி டேல் தேவாலய வாசலில் ஒரு யூ மரம். அடிமரச் சுற்றளவு சுமார் 10 மீட்டர். நீங்களும் உங்கள் நண்பர்களும் ஏழெட்டுப் பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும். வயது 2000 ஆண்டு என்பார்கள் ஊரில்.

மரத்தின் வயதை வளையங்களை எண்ணிச் சொல்லலாம் என்று படித்திருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு வளையம். ஆனால் முதிர்ந்த யூ மரத்தின் நடுப்பகுதி உளுத்து வெற்றிடமாகிவிடும். பழைய வளையங்கள் எல்லாம் போய்விட்டன. சாட்சி தன் இளமைக்காலத்தையே மறந்துவிட்டது! அதனால் நட்ட ஆண்டு பதிவாகியிருக்கும் வேறு யூ மரங்களின் சுற்றளவை வைத்து உத்தேசமாகத்தான் கணிக்கிறார்கள். மிகப் பழையது என்பது உறுதி. 2000 என்ற எண் உறுதியில்லை.

யூ மரத்தின் இலை, பட்டை, விதை எல்லாமே கடும் நஞ்சு. விதையைச் சுற்றியுள்ள சிவந்த சதை ஒன்றுதான் விலக்கு. ஆனால் இந்த நஞ்சுக் குடும்பத்திலிருந்தே ஒரு மருந்தும் வந்தது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் யூ மரப்பட்டையிலிருந்து புற்றுநோய்க்கு எதிரான பாக்லிடாக்செல் என்ற பொருளைப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டவர்கள் மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற இரண்டு வேதியியலாளர்கள். மன்சுக் வாணி மகாராஷ்டிராவில் பிறந்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு மரத்தில் கிடைக்கும் மருந்தோ மிகக் கொஞ்சம். அப்போதுதான் இங்கிலாந்துத் தேவாலயங்களில் நிற்கும் ஐரோப்பிய யூ இனம் கைகொடுத்தது. அதன் இலைகளில் இருக்கும் ஒரு பொருளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மருந்தாக மாற்ற முடிந்தது. இலையைக் கத்தரித்தால் மறுபடி துளிர்க்குமே!

ஆறாம் சாட்சி: பொய் சொன்ன எலும்பு

ஹேதர்சேஜ் கல்லறைத் தோட்டத்தில் வழக்கத்தைவிட மிக நீளமான ஒரு கல்லறை இருக்கிறது. ராபின் ஹுட் கதைகளில் வரும் லிட்டில் ஜானின் கல்லறை அது என்பார்கள். பெயர்தான் குட்டி ஜான், ஆள் ராட்சதனாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தோண்டியபோது 70 சென்டிமீட்டருக்கும் நீளமான தொடை எலும்பு கிடைத்தது என்று ஒரு செய்தி உண்டு.

கணக்குப் போடுவோம். மனிதரின் தொடை எலும்பு அவர் உயரத்தில் கால்பங்குக்குச் சற்று அதிகம். 70-ஐ 0.267-ஆல் வகுத்தால் சுமார் 262 சென்டிமீட்டர், அதாவது எட்டரை அடி. மருத்துவச் சான்றோடு பதிவான மனிதர்களிலேயே மிக உயரமான ராபர்ட் வாட்லோ 272 சென்டிமீட்டர் இருந்தார். அவருக்கு உடல்நலக் கோளாறுகள் இருந்தன, நடக்கவே தாங்கு கருவி தேவைப்பட்டது. அந்த உயரத்தில் ஒருவர், கதைகளில் வருவதுபோல் காட்டில் ஓடி, ஆற்றுப் பாலத்தில் கம்புச் சண்டை போட்டிருப்பாரா?

அளந்தவர் தவறாக அளந்திருக்கலாம். மனித எலும்பாக இல்லாமலும் இருக்கலாம். மறுபடி அளந்து பார்க்க அந்த எலும்பு இன்று யாருடைய மேசையிலும் இல்லை. மறுபடி சோதிக்க முடியாத சாட்சியை அறிவியல் மரியாதையாக உட்கார வைக்கும். ஆனால் அதன் சொல்லை வைத்துத் தீர்ப்பு எழுதாது.

கடைசிச் சாட்சி: பதிவேடு

1665-ஆம் ஆண்டு. லண்டனில் பிளேக் கோரத்தாண்டவம் ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு துணிப்பொதி வந்தது. துணி ஈரமாக இருந்ததால், அவருடைய உதவியாளர் ஜார்ஜ் விகார்ஸ் அதை நெருப்பருகே விரித்துக் காயவைத்தார். துணியில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்று பிற்காலத்தில் ஊகித்தார்கள். விகார்ஸ் இறந்துபோனார். செப்டம்பர் 7 அன்று அவரை அடக்கம் செய்தார்கள். அதன்பின் ஒவ்வொருவராக.

குளிர்காலத்தில் நோய் தணிந்தது. 1666 கோடையில் மறுபடி சீறியது. ஊரை விட்டு ஓடலாமா? ஓடினால் நோயும் கூடவே போகும். இளம் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன்பு அங்கே பணிபுரிந்து பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியும் கொள்கையில் எதிரெதிரானவர்கள். ஆனால் இப்போது ஒன்றுசேர்ந்து மக்களிடம் பேசினார்கள். ஊர் மூன்று முடிவுகளை எடுத்தது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, வெட்டவெளிப் பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று வழிபடுவது. இறந்தவர்களை அந்தந்தக் குடும்பமே தன் நிலத்தில் அடக்கம் செய்வது. ஊர் எல்லையை யாரும் தாண்டாமல் இருப்பது.

எல்லையில் குழிகள் போட்ட ஒரு கல் இன்றும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கான காசை ஈம் மக்கள் குழியில் ஊற்றிய வினிகருக்குள் போட்டு வைப்பார்கள். கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது! பிளேக்கை உண்டாக்கும் பாக்டீரியாவை அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-இல். எலியிடமிருந்து மனிதருக்கு அதைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று பால் லூயி சிமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898-இல்.

பதினான்கு மாதங்களில் ஈம் கிராமத்தில் சுமார் 260 பேர் இறந்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு குழந்தைகளையும் தன் கையால் அடக்கம் செய்தார். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் ஆகஸ்டில் இறந்தார். அவருடைய கல்லறை அந்தப் பழைய கற்சிலுவைக்கு அருகில் இருக்கிறது. ஈம் மக்கள் கொடுத்த விலை பெரிது. சுற்றுவட்டார ஊர்கள் தப்பின என்கிறது வரலாறு.

இத்தனை துயரத்துக்கு நடுவிலும் ஒரு வேலை நிற்கவில்லை. இறந்தவரின் பெயரும் தேதியும் பதிவேட்டில் ஏறிக்கொண்டே இருந்தன.

350 ஆண்டுகள் கழித்து, 2016-இல், லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பெயர்களையும் தேதிகளையும் கணினியில் ஏற்றினார்கள். யார் எந்த வீடு என்று குடும்பங்களைச் சேர்த்தார்கள். எந்த வீட்டில் எத்தனை கணப்பு என்று கணக்கெடுத்த பழைய வரிப் பட்டியலை வைத்து, யார் ஏழை, யார் பணக்காரர் என்று பிரித்தார்கள்.

தேதிகளிலிருந்து என்ன தெரியும்? எலிகளிடமிருந்து மட்டும் நோய் வந்திருந்தால் ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாவு விழும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றினால் ஒரே வீட்டில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து விழும். கணக்கு சொன்ன விடை இதுதான்: தொற்றில் கால்பங்கு எலி வழியாக, முக்கால்பங்கு மனிதர் வழியாக. மனிதர் வழி என்றால் மூச்சாகவும் இருக்கலாம், உடம்பிலும் உடையிலும் இருந்த பூச்சிகளாகவும் இருக்கலாம். ஏழைகளுக்கு ஆபத்து அதிகம், குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்குக் குறைவு என்பதும் தெரிந்தது. தள்ளி நில்லுங்கள் என்று மாம்பெசனும் ஸ்டான்லியும் சொன்னதில் பொருள் இருந்திருக்கிறது.

அதே 2016-இல் இன்னொரு செய்தியும் வந்தது. லண்டனில் சுரங்க ரயில் பாதைக்காக ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டியபோது கிடைத்த பற்களில், 1665-ஆம் ஆண்டுப் பிளேக்கின் பாக்டீரிய டிஎன்ஏ இருந்தது. டைட்ஸ்வெல் வேலையைத் தாமதமாக்கிய கறுப்புச் சாவும் அதே பாக்டீரியாவின் வேலைதான் என்று 14-ஆம் நூற்றாண்டு எலும்புக்கூடுகளின் டிஎன்ஏ முன்பே காட்டியிருந்தது. இரண்டு பிளேக்குகளுக்கும் நடுவே 300 ஆண்டு. கிருமி ஒன்றுதான்.

இப்போது எல்லாச் சாட்சிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யூ மரம் தன் வயதை மறந்துவிட்டது. தொடை எலும்பைக் காணவில்லை. முறுக்கிய கோபுரத்தின் காரணங்களில் ஒன்று இன்னும் ஊகமாகவே நிற்கிறது. பதிவேடு மட்டும் நம் மூன்றாவது கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்கிறது. காரணம், அதை எழுதியவர்கள் தங்களுக்குத் தெரியாத விளக்கங்களைச் சேர்க்கவில்லை. யார், என்று, அவ்வளவுதான். எதற்குப் பயன்படும் என்று தெரியாமலேயே அவர்கள் எழுதியது, அவர்கள் கற்பனைகூடச் செய்திராத ஓர் அறிவியலுக்குத் தரவாகிவிட்டது.

நீங்களும் ஒரு பதிவேடு தொடங்கலாம். உங்கள் தெரு வேம்பு பூக்கத் தொடங்கும் நாள், முதல் மழை விழும் நாள், கிணற்றில் நீர்மட்டம், முற்றத்துக்கு வரும் குருவிகளின் எண்ணிக்கை, எதுவானாலும் சரி. பார்த்ததை மட்டும் எழுதுங்கள், பார்க்காததை எழுதாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி போடுங்கள். அதை வைத்து யார் எந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறார்கள் என்பது உங்களுக்கு இப்போது தெரிய வேண்டியதில்லை.